கதிர் அரிவாள் செல்: கேரியர் வேறு, நோயாளி வேறு

மரபியல் பாடத்தில் பிறழ்வுக்கு எடுத்துக்காட்டு, ஊட்டச்சத்துப் பாடத்தில் இரத்தசோகையின் ஒரு வகை, உடற்கல்வி அறிவியலில் பயிற்சியின்போது நேரும் திடீர் சரிவுக்கு ஒரு காரணம் என்று மூன்று தாள்களிலும் தலைகாட்டுவது கதிர் அரிவாள் செல் நோய். மருத்துவமனையில் எல்லாரும் 'சிக்கிள் செல்' என்றுதான் சொல்வார்கள். மூன்று தாள்களிலும் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: கேரியரையும் (மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமந்துகொண்டு நலமாக இருப்பவர்) நோயாளியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில். அந்த இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டால் கேள்விகளில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அதற்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவில் ஜிஏஜி என்றிருக்க வேண்டிய ஒரு கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு) ஜிடிஜி என்று மாறிவிட்டால், ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாற்றம் இவ்வளவுதான். 1950களின் நடுவில் வெர்னான் இங்க்ராம் கேம்பிரிட்ஜில் இதைக் கண்டறிந்தார். அதற்கு முன்பே, 1949இல், லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டியிருந்தார்கள். இன்றைய மரபணு ஆய்வறிக்கைகளில் ஆறுக்குப் பதில் ஏழு என்று இருந்தால் பதற வேண்டாம். தொடக்கத்தில் வந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

ஒரு அமினோ அமிலம் மாறினால் இவ்வளவு கேடு ஏன்? குளுட்டாமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒட்டும். வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் வாலின் பொருந்தும்படியான ஒரு குழி வெளியே தெரியும். பக்கத்து மூலக்கூறின் வாலின் அதில் போய்ச் சொருகிக்கொள்ளும். ரயில் பெட்டிகள் கொக்கி மாட்டிக்கொள்வதைப்போல ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகிவிடும். இழைகள் சிவப்பணுவை உள்ளிருந்து இழுத்து அரிவாள் வடிவமாக்கும். நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏறியதும் இழைகள் கலைந்து அணு பழைய வடிவத்துக்குத் திரும்பும். இப்படிப் பலமுறை வளைந்து நிமிர்ந்தால் அணுவின் சவ்வு கெட்டு, வளைந்தபடியே நின்றுவிடும். விடை எழுதும்போது 'ஆக்சிஜன் குறையும்போது' என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் உடலில்கூட எல்லா அணுக்களும் எந்நேரமும் அரிவாளாக இருப்பதில்லை.

சாதாரணச் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைகிற வேகத்துக்கு எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாததால் இரத்தசோகை. உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் சேர்வதால் கண்ணில் மஞ்சள். விறைத்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்வதால் எலும்புவலி. சின்னக் குழந்தைகளுக்கு முதல் அறிகுறியாகக் கையும் காலும் வீங்குவது இதனால்தான். மண்ணீரல் அடைபட்டு அடைபட்டுச் சிறுவயதிலேயே செயலிழப்பதால் நிமோனியா போன்ற தொற்றுகள் எளிதில் பற்றும். மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். ஒரே மரபணு இத்தனை பண்புகளைப் பாதிப்பதால்தான் பல்பண்புக்கூறுத் தன்மைக்கு இதை எடுத்துக்காட்டாகக் கேட்கிறார்கள்.

ஓங்குபண்பா, ஒடுங்குபண்பா?

மாணவர்கள் அதிகம் சண்டைபோடும் கேள்வி இது. ஒரு வழிகாட்டியில் ஒடுங்கு என்றிருக்கும், இன்னொன்றில் இணை ஓங்குத்தன்மை, மூன்றாவதில் முழுமைபெறா ஓங்குத்தன்மை. மூன்றும் சரி. பார்க்கும் மட்டம்தான் வேறு.

ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். இயல்பான அல்லீலை ஏ என்றும் மாறியதை எஸ் என்றும் வைத்துக்கொள்வோம். ஏஏ இயல்பானவர், ஏஎஸ் கேரியர், எஸ்எஸ் நோயாளி. ஆளைப் பார்த்தால் ஏஎஸ் நலமாக இருக்கிறார்; இரண்டு எஸ் இருந்தால்தான் நோய். ஆகவே நோய் என்ற மட்டத்தில் எஸ் ஒடுங்கு. ஏஎஸ்ஸின் இரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால் அணுக்கள் அரிவாளாகும், ஆனால் எஸ்எஸ் அளவுக்கு எளிதில் ஆகாது. அணு என்ற மட்டத்தில் இது முழுமைபெறா ஓங்குத்தன்மை. ஹீமோகுளோபினையே பிரித்துப் பார்த்தால் ஏஎஸ்ஸிடம் இரண்டு வகையும் தனித்தனியாக இருக்கும். புரத மட்டத்தில் இணை ஓங்குத்தன்மை. கேள்வியில் 'நோய்', 'அணு', 'ஹீமோகுளோபின்' ஆகிய மூன்றில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மட்டத்தைச் சொல்லாமல் ஒரு சொல்லில் விடை கேட்கும் கேள்வி நல்ல கேள்வியல்ல. அப்படி வந்தால் ஒடுங்கு என்று எழுதி, கேரியரிடம் இரண்டு ஹீமோகுளோபினும் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

கணக்குகள்

தாயும் தந்தையும் கேரியர்கள். பன்னட் கட்டம் (பெற்றோரின் அல்லீல்கள் சேரக்கூடிய வழிகளைக் காட்டும் அட்டவணை) போட்டால் ஏஏ ஒன்று, ஏஎஸ் இரண்டு, எஸ்எஸ் ஒன்று. ஆகவே நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இதுவரை எல்லாரும் சரியாகவே செய்கிறார்கள். 'நான்கு குழந்தைகள் பிறந்தால் ஒன்றுக்கு நோய் வரும்' என்று அடுத்த வரியில் எழுதும்போதுதான் தவறு நுழைகிறது. கட்டத்தில் உள்ள நான்கு அறைகள் நான்கு குழந்தைகள் அல்ல. ஒவ்வொரு கருத்தரிப்புக்கும் உள்ள நான்கு சம வாய்ப்புகள். முதல் குழந்தைக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான். நான்கு குழந்தைகளுக்குமே நோய் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 3/4 ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும்: 81/256, அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு. ஒருவருக்காவது நோய் இருக்கும் வாய்ப்பு மீதியுள்ள 68 விழுக்காடு. ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் 'ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி வராது' என்று உறவினர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்த ஆறுதல் தவறு என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இன்னொரு வகை. கேரியர் பெற்றோரின் மகளுக்கு நோய் இல்லை என்று தெரியும், வேறு சோதனை செய்யவில்லை. அவர் கேரியராக இருக்கும் வாய்ப்பு என்ன? பாதி என்று எழுதினால் தப்பு. நோய் இல்லை என்று தெரிந்த உடனேயே எஸ்எஸ் அறையை அடித்துவிட வேண்டும். மிச்சம் மூன்று அறை, அதில் இரண்டு ஏஎஸ். ஆகவே 2/3. அவர் ஒரு கேரியரை மணந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 பெருக்கல் 1/4, அதாவது 1/6.

மக்கள்தொகைக் கணக்கு கேட்டால் ஹார்டி–வெயின்பெர்க் சமன்பாடு. எஸ் அல்லீலின் அலைவெண் 0.1 என்று கொடுத்தால், நோயாளிகள் 0.1 பெருக்கல் 0.1, அதாவது நூற்றுக்கு 1. கேரியர்கள் 2 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.1, அதாவது நூற்றுக்கு 18. ஒரு நோயாளிக்குப் பதினெட்டுக் கேரியர்கள் என்ற இந்த விகிதத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நோயாளிகளை மட்டும் தேடினால் எஸ் அல்லீலின் பெரும்பகுதி கண்ணுக்கே படாது.

இவ்வளவு தீங்கு செய்யும் அல்லீல் ஏன் அழியவில்லை என்பது இதன் தொடர்ச்சி. கேரியரின் சிவப்பணுவில் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி நன்றாக வளர முடிவதில்லை. ஆகவே கொடிய மலேரியாவிலிருந்து கேரியருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆந்தனி ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா உள்ள இடத்தில் ஏஏ மலேரியாவால் இறக்கிறார், எஸ்எஸ் நோயால் இறக்கிறார், ஏஎஸ் பிழைத்து எஸ்ஸை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார். எஸ்எஸ் ஆக இருப்பவருக்கு மலேரியா வராது என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆபத்தான தவறு. நோயாளிக்கு மலேரியா வந்தால் உயிருக்கே உலை.

இந்தியாவில் இந்த அல்லீல் முதலில் பதிவானது நம் நீலகிரியில்தான். 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டார்கள். பிறகு மத்தியப்பிரதேசம், ஒடிசா, குஜராத், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் இது பரவலாக இருப்பது தெரிந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது.

சோதனையில் எங்கே ஏமாறுகிறோம்

முகாம்களில் செய்வது கரைதிறன் சோதனை. சோதனைக் குழாயில் சோடியம் டைதயோனைட் கலந்த கரைசல் 2 மி.லி. எடுத்து, 20 மைக்ரோலிட்டர் இரத்தம் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் வைப்பார்கள். கரைசல் அணுவை உடைத்து ஆக்சிஜனையும் நீக்கிவிடும். பிறகு கறுப்புக் கோடுகள் போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் எஸ் இல்லை. கலங்கி மறைந்தால் எஸ் இருக்கிறது. சில நிமிடத்தில் முடியும், செலவும் குறைவு.

ஆனால் இது சொல்வது 'எஸ் இருக்கிறது' என்பதை மட்டுமே. ஏஎஸ்ஸா எஸ்எஸ்ஸா என்று சொல்லாது, இரண்டிலும் கலங்கும். முகாமில் 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்த சீட்டை நோய் என்று படித்துக்கொண்டு குடும்பமே கலங்கிப்போவது இதனால்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தச் சோதனை பயன்படாது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கருவளர்நிலை ஹீமோகுளோபின்தான் பெரும்பங்கு, எஸ் மிகக் குறைவு, ஆகவே கலங்காது. நோயின் அறிகுறிகள் ஆறு மாதத்துக்குப் பிறகு தலைகாட்டுவதும் அதே காரணத்தால்தான். இரத்தசோகை கடுமையாக இருந்தாலும் தவறாக 'இல்லை' என்று வரும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இருந்தால் விடும் இரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்குவது அதற்காகத்தான்.

உறுதிசெய்ய, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனை வேண்டும். அறிக்கையில் எஸ் வகை ஹீமோகுளோபின் 35 முதல் 40 விழுக்காடும் அதைவிடக் கூடுதலாக ஏவும் இருந்தால் கேரியர். ஏ இல்லவே இல்லாமல் எஸ் பெரும்பங்காக இருந்தால் நோய். இரண்டும் இருந்து, எஸ் ஏவைவிட அதிகமாக இருந்தால் உஷாராக வேண்டும். அவர் ஒரு பக்கம் எஸ்ஸும் இன்னொரு பக்கம் பீட்டா தலசீமியாவும் (பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரைக் கோளாறு) பெற்றவராக இருக்கலாம், அதுவும் நோய்தான். அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்குச் சோதனை செய்தால் கொடையாளியின் ஏ கலந்து, நோயாளிகூடக் கேரியரைப்போலத் தெரிவார். இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும், தவறினால் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும்.

திருமணத்துக்கு முன் சோதனை செய்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. மணமகன் சிக்கிள் கேரியர், மணமகளுக்குக் கரைதிறன் சோதனையில் 'இல்லை'. இதோடு விட்டால் போதாது. கரைதிறன் சோதனை தலசீமியா கேரியரைக் காட்டாது. அவர் பீட்டா தலசீமியா கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இருவருக்கும் எச்பிஎல்சி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பாடு

'இரத்தசோகை என்றால் இரும்புச்சத்து கொடு' என்பது நமக்குள் ஊறிப்போன விடை. இங்கே அது பொருந்தாது. அணு உடைவதால் வரும் சோகையில் இரும்பு உடலை விட்டுப் போவதில்லை. உடைந்த அணுவின் இரும்பை உடல் எடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறது. இதோடு இரத்தமும் ஏற்றினால் ஒரு யூனிட்டில் மட்டும் 200 முதல் 250 மி.கி. இரும்பு உள்ளே போகும். உடல் ஒரு நாளில் வெளியேற்றுவதோ 1 அல்லது 2 மி.கி. மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். ஆகவே நோயாளிக்கு, உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, குறைபாடு உறுதியான பிறகுதான் இரும்பு. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீலநிற மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. எஸ்எஸ் உள்ள பிள்ளை அதை எடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

நோயாளிக்குக் கட்டாயம் வேண்டியது ஃபோலிக் அமிலம். மஜ்ஜை ஓயாமல் புது அணுக்களை உருவாக்குகிறது, ஒவ்வொரு புது அணுவுக்கும் டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏவுக்கு ஃபோலேட் வேண்டும். கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாம் நல்லது. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஃபோலேட்டும் அதோடு போய்விடும். ஆனால் சாப்பாடு மட்டும் போதாமல் போவதால்தான் தினமும் மாத்திரை எழுதுகிறார்கள். சுத்த சைவம் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் சோகையை மறைத்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் வளரும்.

இப்போது கேரியருக்கு வருவோம். கேரியராக இருப்பதால் இரத்தசோகை வராது. இந்த ஒரு வரியை அழுத்தமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேரியர் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9 என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது: மாதவிடாய் மிகைப்போக்கு, கொக்கிப்புழு, சாப்பாட்டில் இரும்பு போதாமை. 'உனக்கு சிக்கிள் இருக்கிறதல்லவா, அதனால்தான்' என்று விட்டுவிட்டால் தீர்க்கக்கூடிய குறைபாடு தீராமலேயே இருக்கும். கேரியர் இரும்பு மாத்திரையை மற்றவர்களைப்போலவே எடுக்கலாம்.

மைதானம்

கேரியர் எல்லா விளையாட்டும் விளையாடலாம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அணியிலிருந்து நீக்குவது அறிவியலுக்குப் புறம்பானது. ஆனால் கேரியருக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்கப் படைவீரர்கள் ஏறத்தாழ 48,000 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், கேரியர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. கடும் உழைப்பால் தசை சிதையும் அபாயம் மட்டும் 54 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு, முதல்நிலை அணிகளில் சேரும் வீரர்களுக்கு 2010 முதல் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது, 2006இல் பயிற்சியின்போது ஒரு கேரியர் மாணவர் இறந்ததைத் தொடர்ந்து.

முழு வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது நான்கு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. தசையில் ஆக்சிஜன் குறைகிறது, இரத்தம் அமிலமாகிறது, உடல் சூடேறுகிறது, அணுவிலிருந்து நீர் வெளியேறி உள்ளே எஸ்ஸின் அடர்த்தி கூடுகிறது. கேரியரின் அணுகூட அப்போது வளையும். நோயாளிக்கோ இவற்றில் ஒன்றே போதும்.

பயிற்சியாளர் செய்ய வேண்டியது கடினமில்லை. பருவத் தொடக்கத்தில் முதல் நாளே நேரம் குறித்து ஓடவிடக் கூடாது, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இடைவிடாத உச்ச வேகம் வேண்டாம். நம் பள்ளிப் போட்டிகளில் 800 மீட்டர் சரியாக அந்த எல்லையில் இருக்கிறது. அதை ஓடக் கூடாது என்றில்லை. பயிற்சியில் மூச்சுவாங்க நேரம் விடாமல் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதுதான் ஆபத்து. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாளில் ஓய்வு. சமவெளியிலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டிக்குப் போட்டிக்குப் போனால் முதல் சில நாள் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் வழக்கத்தை எல்லாருக்குமே நிறுத்துவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. சிறுநீர் வெளிறியிருந்தால் உடலில் நீர் போதும் என்று விளையாட்டு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கேரியரின் சிறுநீரகமும் நோயாளியின் சிறுநீரகமும் சிறுநீரைச் செறிவாக்குவதில் பலவீனமானவை. உடலில் நீர் குறைந்தாலும் சிறுநீர் வெளிறியே போகலாம். ஆகவே நிறத்தை நம்பாமல், தாகம் எடுக்கும் முன்பே குடிக்கவும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கவும் பழக்க வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நோய் உள்ள பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டாம் என்று இல்லை. மிதமான ஆட்டம், கால் மணிக்கொரு முறை ஓய்வும் தண்ணீரும், வலி வந்தால் யாரும் கேள்வி கேட்காமல் உட்காரும் உரிமை, இவை இருந்தால் போதும். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்குவது வலியைத் தூண்டும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மண்ணீரல் வேலைசெய்யாத பிள்ளைக்கு அது அவசரநிலை, பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது.

ஓடுகிறவர் சரிந்தால் வெப்பத்தால் வரும் தசைப்பிடிப்பா, அரிவாள் அணுச் சரிவா என்று பிரிப்பது எப்படி? பிடிப்பில் தசை கட்டியாகி வெளியே தெரியும், ஆள் வலியில் கத்துவார். அரிவாள் அணுச் சரிவில் கால் வலுவிழந்து மெதுவாகத் தரையில் உட்காருவார், தசை தொட்டால் சாதாரணமாக இருக்கும், முதலில் தெளிவாகப் பேசவும் செய்வார். பேசுகிறாரே என்று 'எழுந்து முடித்துவிடு' என்று விரட்டுவதுதான் உயிரை எடுக்கும். பயிற்சியை அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, குளிர்வித்து, ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, சில நிமிடத்தில் தேறாவிட்டால் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் 'இவர் சிக்கிள் கேரியர், ஓடும்போது சரிந்தார், தசைச் சிதைவு இருக்கிறதா பாருங்கள்' என்று சொல்லுங்கள். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் பொட்டாசியமும் கிரியாட்டின் கைனேஸும் உடனே பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே மருத்துவருக்குப் புரிந்துவிடும்.